கீறல் இல்லாத எஃகு

லேபில் போன் அடித்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. கையில் எஃகுத் துண்டு, எதிரே சுழலும் பாலிஷ் சக்கரம். அந்த நேரத்தில் பிடியை விட்டால் துண்டு பறந்துபோய் யாருடைய முன்பல்லையாவது பதம் பார்த்துவிடும்.

கண்ணாடி எடுத்தார்.

இந்த இருவரையும் பற்றி ஒரு வார்த்தை. அக்கா என்பது அவள் பெயரல்ல. அவள் தம்பி எதிரே இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பாலையில் கிரேன் ஓட்டுகிறான். அவன் கூப்பிட்டதைக் கேட்டுத் தெருவே கூப்பிட ஆரம்பித்து, இப்போது நரைத்த மீசைக்காரர்களுக்கும் அவள் அக்காதான். கண்ணாடி அவளுடைய மேலதிகாரி, அந்த உலோகப் பரிசோதனைக் கூடத்தின் டைரக்டர். மூக்குக் கண்ணாடி போட்டதால் வந்த பெயரில்லை. அவர் பாலிஷ் ஏற்றிய எஃகில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்... அதனால் வந்த பெயர்!

"என்ன ஃபோர்மேன், காலங்காத்தால?" என்றார் போனில்.

கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் எரிச்சல் ஏறியது.

"பெயின்ட்தானே வெடிச்சிருக்கு? பெயின்ட்னா வெடிக்கத்தான் செய்யும். ஒண்ணும் ஆகாது. தூக்கச் சொல்லுங்க."

ரிசீவரை வைத்தார். என்ன விஷயம் என்று அக்கா கேட்டாள். உன் வேலையைப் பார் என்றார். அத்தோடு விடாமல் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, துண்டில் ஒரு கீறல் இருக்கிறது, முதலிலிருந்து தேய் என்றும் சொன்னார். அந்தக் கீறல் அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த ஒரு கீறலுக்குத்தான் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

மறுபடி போன்...

இந்த முறை அக்கா சக்கரத்தை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"அக்கா..." தம்பியின் குரல். மூச்சு வாங்கியது. "கொக்கி உடைஞ்சு போச்சுக்கா. நான் வெடுக்குனு வெட்டி இழுக்கல. சத்தியமா இழுக்கல. அதுவா உடைஞ்சுது. கீழ... கீழ ஃபோர்மேன் நின்னுட்டிருந்தாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடி மைக்ராஸ்கோப்பின் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

*

வார்ப்பாலையில் எல்லா மெஷினும் நின்றிருந்தன.

மணல் அடைத்த இரும்புப் பெட்டி ஒன்று பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. மணிக்கட்டில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வாட்சின் சொந்தக்காரர் நின்று போயிருந்தார்.

கொஞ்சம் தள்ளி, மஞ்சள் பெயின்ட் அடித்த கிரேன் கொக்கியின் கீழ்ப்பாதி கிடந்தது. மேல்பாதி இன்னும் உயரத்தில் கம்பிக்கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தம்பி கேபினை விட்டு இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான். அக்கா போய்த்தான் இறக்கினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பைக்கும் பெல்ட்டுக்கும் நடந்த சண்டையில் பெல்ட் தோற்றுப்போன மனிதர். ஆனால் கண் மட்டும் ஓர் இடத்தில் நிற்காமல் எல்லாவற்றையும் மேய்ந்துகொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் கேன்டீன்வரை விசாரித்துவிட்டு நேராக அக்காவிடம் வந்தார்.

"உங்க தம்பி நேத்து என்ன சொன்னான் தெரியுமா மேடம்? லீவு குடுக்கலைன்னா பெட்டியை உங்க தலையிலயே இறக்கிடுவேன்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லியிருக்கான். கேன்டீனே கேட்டிருக்கு."

"கோவத்துல வர்ற வார்த்தை சார். நீங்க வீட்ல யாரையும் அப்படிச் சொன்னதில்லையா?"

"சொல்லியிருக்கேன். ஆனா மறுநாள் என் மாமியார் மேல எதுவும் விழல."

தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். கொலைக் கேஸ்!

கொக்கியின் கீழ்ப்பாதியைச் சாக்கில் கட்டி, அரக்கு சீல் வைத்து லேபுக்கு அனுப்பினார்கள். கண்ணாடி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இது உன் தம்பி கேஸ், நீ இதைத் தொடக்கூடாது, வீட்டுக்குப் போ என்றார் அக்காவிடம். நியாயமான பேச்சுதான். அவளும் தலையாட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்தத் தலையாட்டலுக்காக மறுநாள் காலை தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

ஸ்டேஷன். கம்பிக்குப் பின்னால் தம்பி. ராத்திரி தூங்காத கண்.

அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போன வருஷம் அதே கொக்கியில் அளவுக்கு மீறி எடை மாட்டிவிட்டார்கள். கொக்கி வாய் பிளந்துவிட்டது. தூக்கி எறியலாம் என்றார் ஃபோர்மேன். வேண்டாம் என்றார் ஒருவர். சூடுகூடப் பண்ணாமல் பிரஸ்ஸில் வைத்து அமுக்கி, வாயை மூடி, மஞ்சள் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டினார்கள். நேற்றுக் காலையில் வளைவுப் பக்கம் பெயின்ட் வெடித்திருப்பதைப் பார்த்த ஃபோர்மேன், தம்பியை நிறுத்தச் சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்தார். பேசி முடித்ததும், சரி, தூக்கு என்றார்.

"வேண்டாம்னு சொன்ன அந்த ஒருத்தர் யாருடா?"

"கண்ணாடி சார்தான். நான் சொல்றேன், நிக்கும்னாராம். ஃபோர்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

சொன்னவர் செத்துப் போய்விட்டார். கேட்டவன் கம்பிக்குள் இருக்கிறான்.

 

"சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லக்கா."

"சாப்பிடு. சாயங்காலம் வீட்டுக்கு வர்றதுக்குத் தெம்பு வேணும்."

*

லேபில் ரிப்போர்ட் தயாராக இருந்தது. கண்ணாடி ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடித்திருக்கிறார்.

எஃகு ஆரோக்கியமான எஃகு. முன்னால் வளைந்ததற்கான அடையாளமே இல்லை. ஆகவே, கிரேன் டிரைவர் வேண்டுமென்றே சரக்கென்று வெட்டி இழுத்ததால்தான் உடைந்திருக்கிறது. இதுதான் ரிப்போர்ட்டின் சாரம். கூடவே மைக்ராஸ்கோப்பில் எடுத்த போட்டோ. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். ஒன்றில் கண்ணாடி போட்டிருந்தார். பேனாவை அக்கா பக்கம் நீட்டினார்.

தொடக்கூடாது என்று நேற்று விரட்டியவர், இன்று கையெழுத்து மட்டும் கேட்கிறார். ஏன்? சொந்த அக்காவே ஒத்துக்கொண்டாள் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை போதுமே!

"போடமாட்டேன் சார்."

"நீ போடலைன்னா நாளைக்கு இந்த லேப்ல உனக்கு வேலை இருக்காது."

"இன்னிக்கு இருக்கு இல்ல. அது போதும்."

கண்ணாடி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, புதுக் கொக்கி மாட்டுவதை மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று வார்ப்பாலைக்குக் கிளம்பிப் போனார். ரிப்போர்ட் வாங்க வந்த இன்ஸ்பெக்டரை அக்கா கதவிலேயே மடக்கினாள். போன் விஷயத்தையும் தம்பி சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஃபோர்மேன் கடைசியாகப் பேசியது லேப் நம்பருக்குத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. டைரக்டரைக் கேட்டாராம். ஏதோ பழைய பரிசோதனை பற்றிக் கேட்டார் என்றாராம்.

"நீங்க அக்கா. அவன் தம்பி. உங்க வாயால வர்ற எதையும் நான் எழுத முடியாது மேடம்."

"நான் எதுவும் சொல்லப் போறதில்ல சார். நீங்களே பாருங்க. உங்க ஜீப்ல எங்கயாவது வளைஞ்ச போல்ட் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் நெளிந்தார். முன் பம்பரில் ஒன்று இருந்தது. ஸ்டேஷன் கேட்டை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது என்ற விவகாரம், அதற்குள் போகவேண்டாம்.

*

அக்கா போல்ட்டைக் கழற்றி, வளைந்த இடத்தில் குறுக்கே அறுத்து, ஒரு சின்னத் துண்டைக் கறுப்பு பேக்லைட் பிளாஸ்டிக்கில் பதித்தாள். சட்டைப் பொத்தானைப் பெரிதாக்கின மாதிரி ஒரு வில்லை. அதன் முகத்தில் மட்டும் எஃகு தெரிந்தது. அதை இன்ஸ்பெக்டரின் கையில் வைத்தாள்.

"தேய்ங்க."

"நானா?"

"நான் தேய்ச்சா ஏதோ பண்ணிட்டேன்பீங்க. நீங்களே தேய்ங்க சார்."

முதலில் சொரசொரப்பான எமரித் தாள். அப்புறம் நைசானது. அதற்கப்புறம் அதைவிட நைசு. ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் பழைய கீறல் போகும் என்றாள். அவர் திருப்பவில்லை. திருடனைப் பிடித்த கை அது, திருப்பச் சொன்னால் கேட்குமா? கடைசியில் ஈரத் துணி போர்த்திய சக்கரத்தில் வெள்ளைப் பொடி தூவித் தேய்த்தபோது வில்லை இரண்டு தடவை கையிலிருந்து தப்பி ஓடியது. அமிலத்தில் ஒரு நொடி முக்கி எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"என்ன மேடம் இது... கோடு கோடா இருக்கு?"

"அது நீங்க போட்ட கீறல். அதை விடுங்க. அதுக்குப் பின்னாடி பாருங்க."

அவர் இன்னும் குனிந்தார். மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. வெள்ளையும் கறுப்புமாக, ஒட்டி ஒட்டி அடுக்கிய மணிகள். எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டு, நீண்டு, படுத்துக் கிடந்தன.

"இரும்புன்னா ஒரே கட்டின்னு நினைப்போம். உள்ள இப்படி மணி மணியாத்தான் இருக்கும். வெள்ளை மிருதுவானது. கறுப்பு கெட்டியானது. யாரும் தொந்தரவு பண்ணாத வரைக்கும் உருண்டையா உட்கார்ந்திருக்கும். காய்ச்சாம பச்சை இரும்பா வச்சு வளைச்சீங்கன்னா இப்படி இழுபட்டுப் போயிடும்."

"திரும்ப நிமிர்த்திட்டா?"

"வெளிய நிமிரும். பெயின்டும் அடிச்சுடலாம். உள்ள இருக்கிற மணிக்கு அது தெரியாது. அதுக்கு ரெண்டு தடவை அடி. கொஞ்சம் மாங்கனீசு, கொஞ்சம் குரோமியம் சேர்த்த எஃகு சார் அந்தக் கொக்கி, நல்ல எஃகு. உடையறதுக்கு முன்னாடி இழுபட்டுக் காட்டி, சொல்லிட்டுத்தான் உடையும். வளைச்சு, எதிர்ப்பக்கம் அமுக்கி வாயை மூடினா அந்த இழுபடற தெம்பு தீர்ந்துடும். அப்புறம் ஒருநாள் பட்டுனு போயிடும்."

பேசிக்கொண்டே போல்ட் வில்லையை எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு இருந்த கொக்கி வில்லையை வைத்தாள். கண்ணாடி தேய்த்தது. ஒரு கீறல் இல்லை. நிலா விழுந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"இப்ப பாருங்க."

மணிகள். வெள்ளையும் கறுப்பும். அத்தனையும் உருண்டை உருண்டையாக, சாதுவாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் கண்ணை எடுத்துவிட்டு, பரிசோதனைக்கென்று பெயின்டைச் சுரண்டி மேஜைமேல் வைத்திருந்த கொக்கியைப் பார்த்தார். உடைந்த வாய்ப்பக்கம் அது இழுபட்டு ஒடுங்கியிருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

"வெளிய இழுபட்டிருக்கு. உள்ள ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி இருக்கே?"

"அதேதான் சார். மணி எப்ப மறக்கும் தெரியுமா? செக்கச்செவேல்னு காய்ச்சினா மறக்கும். பழைய மணி போய்ப் புது மணி பொறக்கும். இந்தக் கொக்கி உடைஞ்ச பிறகு யாரோ இதை உலையில வச்சுக் காய்ச்சியிருக்காங்க."

"இந்த லேப்ல உலை எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. பக்கத்து ரூம்ல."

"அதோட சாவி?"

அக்கா பதில் சொல்வதற்குள் கதவுப் பக்கமிருந்து பதில் வந்தது.

"அவகிட்டதான் இருக்கு" என்றார் கண்ணாடி.

*

எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. மெதுவாக உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கொக்கியைக் காய்ச்சியிருக்கிறார்கள் என்றால் அது தனக்கே அதிர்ச்சி என்றார். ராத்திரி தான் கொக்கியிலிருந்து ஒரே ஒரு துண்டுதான் வெட்டியதாகச் சொன்னார். அந்தத் துண்டுதான் அந்த வில்லை. அதற்கு முன்னாலேயே காய்ச்சியிருக்க வேண்டும். சாயங்காலம் தான் டீ குடிக்கப் போயிருந்தபோது... உலைச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவள் யார்? தம்பி வெட்டி இழுத்த அடையாளம் எஃகில் பதிந்திருக்கும் என்று தெரிந்தவள் யார்? அந்த அடையாளத்தை அழித்தால் யாருக்கு லாபம்?

"பாசம் கண்ணை மறைக்கும் இன்ஸ்பெக்டர். நான் அவளைத் தப்பு சொல்லமாட்டேன். சட்டம்தான் சொல்லும்."

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது மேடம் இல்லை.

"மேல்பாதி இருக்கு சார்" என்றாள் அக்கா. குரல் ஏறிவிட்டது. "கிரேன்ல தொங்குதே. ஒரே கொக்கியோட மறுபாதி. அதை யாரும் காய்ச்சியிருக்க முடியாது. அதை எடுத்து வரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் வார்ப்பாலைக்குப் போன் போட்டார். கேட்டார். முகம் தொங்கிப்போனது. புதுக் கொக்கி மாட்டியாகிவிட்டது. பழைய மேல்பாதியை அங்கேயே இரும்பு உருக்கும் உலையில் போட்டு உருக்கியும் ஆகிவிட்டது. டைரக்டர் சார்தான் பக்கத்திலிருந்து போடச் சொன்னாராம். உடைந்த சாமான் கண்ணில் பட்டால் தொழிலாளிகள் மனசு கஷ்டப்படும் என்றாராம்.

"என் ஆளுங்க விழுந்ததை மட்டும்தான் எடுத்தாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், யாருக்கோ சொல்வதுபோல.

கண்ணாடி கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுடு" என்றார் அக்காவிடம், தணிந்த குரலில். "நீ காய்ச்சினதை நான் மறந்துடறேன். தம்பி ஒருத்தன் உள்ள இருந்தா போதாதா? நீயும் போகணுமா?"

அக்கா கணக்குப் போட்டாள். தம்பியும் உள்ளே, தானும் உள்ளே. ஒரு கையெழுத்தில் தான் மட்டும் வெளியே.

பேனாவை எடுத்தாள்.

அதன் மூடியைப் போட்டாள். கண்ணாடியின் சட்டைப்பையிலேயே குத்தினாள்.

"என்னையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போகட்டும் சார். தம்பிக்கும் பேச்சுத் துணை ஆகும். ஆனா அதுக்கு முன்னாடி நான் அந்தக் கொக்கியை ஒரு தடவை பார்க்கணும். தொடமாட்டேன். இன்ஸ்பெக்டர் பிடிக்கட்டும்."

*

இன்ஸ்பெக்டர் கொக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் துண்டு வெட்டிய பள்ளம் இருந்தது. பல் பிடுங்கிய இடம் மாதிரி. அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"அந்தப் பள்ளத்துல ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு இல்ல சார்? ரெண்டும் எப்படி இருக்கு?"

"ஒண்ணு பளபளன்னு இருக்கு. இன்னொண்ணு..." அவர் விரலால் தடவினார். "சாம்பல் பூத்தாப்ல இருக்கு."

"பளபளன்னு இருக்கிறது காய்ச்சின பிறகு வெட்டினது. சாம்பல் பூத்தது காய்ச்சறதுக்கு முன்னாடியே வெட்டினது. உலைக்குள்ள போய் வந்த சுவர். அந்த வில்லையில இருக்கிற துண்டு ஒரு விரல் கனம். பள்ளத்தோட அகலம் எவ்வளவு?"

இன்ஸ்பெக்டர் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு விரல் போனது. பக்கத்தில் இன்னொரு விரலும் போனது.

"ரெண்டு துண்டு வெட்டியிருக்காங்க" என்றார் மெதுவாக. "ஒண்ணு இங்க இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"அவகிட்ட கேளுங்க" என்றார் கண்ணாடி. ஆனால் கைக்குட்டை கையில் அப்படியே நின்றுவிட்டது.

அக்கா யோசித்தாள். தம்பிக்காக அடையாளத்தை அழிக்க வருபவள், அவசரத்தில் அப்படியே தூக்கி உலையில் போடுவாள். முன்னால் ஒரு துண்டை வெட்டி எடுத்துவைக்க மாட்டாள். அதைச் செய்பவர் ஒரே ஒருவர்தான். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமல் அழிக்க மனசு வராதவர். மைக்ராஸ்கோப்பிலேயே முடி நரைத்தவர். அவர் அந்தத் துண்டைப் பதித்திருப்பார், தேய்த்திருப்பார், பார்த்திருப்பார். பார்த்துவிட்டு? தூக்கிப் போட்டிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் போட்டிருப்பான்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பைத்தியம் உண்டு. நன்றாக பாலிஷ் ஏறிய வில்லையைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது. கண்ணாடிக்கு நிச்சயம் வராது! எங்கேயோ வைத்திருக்கிறார். எங்கே? கட்டடம் முழுக்க மேஜை, அலமாரி, டிராயர், எல்லாவற்றிலும் கறுப்பு வில்லைகள். தேட ஆரம்பித்தால் அவர் வக்கீலோடு வந்து நிற்பார்.

அவள் மைக்ராஸ்கோப் பக்கம் போனாள். அங்கே ஓரமாகக் கிடந்த ஒரு வில்லையை எடுத்தாள்.

"தேட வேண்டாம் சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "காலையில நீங்க குப்பைக்கூடையில இருந்து எடுத்தீங்களே... அது இதுதான் போல."

இன்ஸ்பெக்டர் வில்லையைப் பார்த்தார். அவரே தேய்த்த ஜீப் போல்ட்! ஒரு கணம் வாய் திறந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. போலீஸ்காரர்களை நாம் குறைத்து எடை போடக்கூடாது.

"ஆமாமா, கூடையிலதான் கிடந்துச்சு" என்றார். "டைரக்டர் சார் மேஜைக்கு அடியில."

அக்கா அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதோடு இணைந்த திரையைப் போட்டாள். கீறல்கள் திரை முழுக்க ஓடின. மாட்டுவண்டி போன ஈரத் தெரு மாதிரி. பின்னால் இழுபட்ட மணிகள் மங்கலாகத் தெரிந்தன.

"இழுபட்டிருக்கு சார். கொக்கியோட துண்டுதான். சாரோட பாலிஷ்தான்... பாவம், அவசரம். கையும் முன்ன மாதிரி நிக்கறதில்ல. பாருங்க, எமரித் தாளைத் திருப்பிப் பிடிக்கக்கூட மறந்துட்டார்."

கண்ணாடியின் கழுத்து சிவந்தது.

"அது என்னோடது இல்ல."

"உங்களோடதுதான் சார். கோர்ட்ல இதையே பெருசாப் போட்டுக் காட்டுவாங்க. கீழ உங்க பேரு இருக்கும். டைரக்டர் தேய்த்ததுன்னு."

"சொல்றேன் இல்ல? அது என்னோடது இல்ல."

"வயசாச்சு இல்ல சார். இதுல என்ன வெட்கம்? ஒரு கத்துக்குட்டி தேய்ச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கண்ணாடி எழுந்து நின்றிருந்தார். முகம் முழுக்க ரத்தம் ஏறியிருந்தது.

"கத்துக்குட்டியா? யாரைச் சொல்ற? நான் தேய்ச்ச துண்டுல ஒரு கீறல் காட்டு பார்ப்போம். ஒரு கீறல்! உள்ள போய்ப் பாரு, கண்ணாடி அலமாரியில நடுத் தட்டுல..."

நின்றுவிட்டார்.



"நடுத் தட்டுல...?" என்றார் இன்ஸ்பெக்டர், ரொம்ப மரியாதையாக. "சொல்லுங்க சார். எந்த ஓரம்?"

*

நடுத் தட்டில், நட்டநடுவே இருந்தது. மற்ற எல்லா வில்லைக்கும் கீழே பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். கீறல் இல்லை. அக்காவே ஒரு நிமிஷம் அதன் அழகில் நின்றுவிட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை மணிகள் நசுங்கி நீண்டிருந்தன. கறுப்பு மணிகளுக்குள் இருந்த மெல்லிய தகடுகள் ஒருபக்கம் வளைந்து, மறுபக்கம் மடங்கிக் கிடந்தன. வளைத்ததும் தெரிந்தது, திருப்பி அமுக்கியதும் தெரிந்தது. அவற்றுக்கு நடுவே ஓரத்திலிருந்து உள்ளே இறங்கிய ஒரு பழைய விரிசல். விரிசலின் அடிவரைக்கும் மஞ்சள் பெயின்ட் போயிருந்தது.

"பெயின்ட் அடிச்சது எப்போ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போன வருஷம்."

"அப்போ விரிசல் போன வருஷமே இருந்திருக்கு."

பேக்லைட்டை உடைத்துத் துண்டை எடுத்துப் பள்ளத்தின் சாம்பல் சுவரோடு சேர்த்து வைத்தார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

கண்ணாடி அதன்பிறகு எதையும் மறைக்கவில்லை. உலைக்குத் தன்னிடமும் ஒரு மாற்றுச் சாவி இருந்ததை ஒத்துக்கொண்டார். அமுக்கி மாட்டலாம் என்று தான் சொன்ன வார்த்தை தப்பாகிப் போனால் இத்தனை வருஷப் பெயர் என்ன ஆவது என்றார். அதனால்தான் போன வருஷம் பரிசோதிக்காமலே நிற்கும் என்றார். அதனால்தான் நேற்றுக் காலையிலும் தூக்கச் சொன்னார். ராத்திரி துண்டை வெட்டிப் பார்த்தபோதுதான் விரிசல் எவ்வளவு பழையது என்று தெரிந்ததாம். தூக்கிப் போடத்தான் நினைத்தாராம்.

"ரொம்ப நல்லா வந்திருந்துது" என்றார், தரையைப் பார்த்து.

அக்கா அவர் எதிரே போய் நின்றாள்.

"என் துண்டுல இல்லாத கீறல் உங்களுக்குத் தினமும் தெரிஞ்சுது சார். கொக்கியில இருந்த விரிசலை ஒரு மனுஷன் போன் பண்ணிச் சொன்னப்போ தெரியல. என் தம்பியை வேற அதுல மாட்டி விட்டீங்க. உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல என் கையெழுத்து இந்த ஜென்மத்துல வராது."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். கிரேன் பையனுக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், ரிலீஸ் பேப்பரோடு நான் வருகிறேன் என்றார். ரிசீவரை வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி, என் பாலிஷ் நிஜமாகவே அவ்வளவு மோசமா என்று கேட்டார்.

"முதல் தடவைக்குப் பரவாயில்ல சார்."

ஜீப்பில் ஏறும்போதுகூடக் கண்ணாடிக்கு மனசு ஆறவில்லை. கால் வட்டம் திருப்ப வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் திருப்ப வேண்டும், இதைக்கூடச் செய்யாதவன் கையில் ஏன் வில்லையைக் கொடுக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டரிடமே புலம்பினார்.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். பம்பரில் போல்ட் இல்லாமல் ஜீப் கடகடத்தது.

"கவலைப்படாதீங்க சார். போற இடத்துல தேய்க்கறதுக்கு அண்டா அண்டாவா பாத்திரம் இருக்கு. ஒரு கீறல் இல்லாம நீங்களே தேய்ச்சுக் குடுங்க."